முயல் தீனி தொடவில்லையா?

கேள்வி: எங்கள் 2 கிலோ முயல் நேற்று ராத்திரியிலிருந்து கேரட்டைக்கூடத் தொடவில்லை. புழுக்கையும் போடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: பல்லைக் கடிப்பது வலியால், அம்மா. முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். 12 மணி நேரம் தீனியும் புழுக்கையும் நின்றாலே ஆபத்து. இன்றே தருமபுரிக்குக் கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், கடைவாய்ப் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். புல் குறைந்தால் பல் தேயாமல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தும். பல நேரம் வினை அங்கேதான்.

கிளம்பும்முன் காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். வயிறு மத்தளம்போல் விறைத்திருந்தால் எதையும் புகட்டாதீர்கள். அடைப்பாக இருக்கலாம், முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிறு மெத்தென்று, உடம்பு கதகதப்பாக இருந்தால் மட்டும், முயல் தீவனத்தை ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக 1 மில்லி விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டில் மீந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். குடலின் நல்ல கிருமிகள் செத்து, முயலும் செத்துப்போகும்.

தேறிய பின் நிழலில் உலர்த்திய அருகம்புல் எந்நேரமும் இருக்கட்டும். கேரட் ஒரு துண்டு போதும்.