12 லட்சத்தில் எந்தக் கருவி வாங்கலாம்?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். பி.எஸ்சி.யில் ஆண்டுக்கு 48 மாணவர்கள். ஆய்வகக் கருவிகளுக்காக 12 லட்சம் ரூபாய் கிடைத்திருக்கிறது. எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியால் மூலக்கூறின் பிணைப்புகளைக் காட்டும் கருவி) வாங்க வேண்டும் என்கிறார்கள் துறையில். யுவி-விசிபிள் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) போதும் என்று நினைக்கிறேன். மேசைமேல் வைக்கும் என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் கருவி) பற்றியும் பேச்சு அடிபடுகிறது. எதை வாங்குவது?

பதில்: நானும் உங்கள் பக்கம்தான். ஒரு பேட்சுக்கு 24 பேர், மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எல்லோரும் தங்கள் கையால் அளந்து, தப்பு செய்து, திரும்ப அளக்க முடிகிறதா? இளநிலை வகுப்புக்குக் கருவி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு யுவி கருவியும் தோற்றுப்போகும். அளவீட்டுக் கோடு வரைய பிளாங்க் (அளக்க வேண்டிய பொருள் இல்லாத கரைசல்) ஒன்று, அளவு தெரிந்த தரக்கரைசல்கள் ஐந்து, அப்புறம் மாதிரி. 24 பேர் வரிசையில் நின்றால், நேரமில்லை என்று லேப் அசிஸ்டன்டே அளந்து எண்ணைச் சொல்லிவிடுவார். அதனால் 190 முதல் 1100 நானோமீட்டர் வரை அளக்கும், மாதிரியையும் பிளாங்கையும் சேர்த்தே ஒப்பிடும் டபுள் பீம் யுவி ஒன்றும், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மட்டுமான எளிய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் நான்கும் வாங்குங்கள்.

அவற்றுக்கு வேலை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு பிரச்சினை ஊரறிந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க வரம்பு. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை போகலாம். சிர்கோனியம்-ஸ்பாட்ன்ஸ் சாயத்தைக் கலந்து 570 நானோமீட்டரில் அளப்பது பழைய, நம்பகமான முறை. ஃபுளூரைடு கூடக்கூடச் சாயம் வெளுக்கும், அளவீட்டுக் கோடு கீழ்நோக்கி இறங்கும். மேலேறும் கோடுகளையே வரைந்து பழகிய மாணவர் அங்கே திகைத்து நின்று ‘ஏன்?’ என்பார். அந்தக் கேள்வியிலிருந்து ஆராய்ச்சி தொடங்கிவிடும். ஒவ்வொருவரும் தன் ஊர்க் கிணற்று நீரைக் கொண்டுவந்தால் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் தயார். அலுமினியம் போன்ற குறுக்கீடுகளை எப்படிக் கையாள்வது என்பதும் அதிலேயே பாடமாகும்.

துறையினர் எஃப்.டி.ஐ.ஆர். கேட்பதில் தவறில்லை. 1700 செ.மீ⁻¹ அருகே கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டையைத் தானே எடுத்துப் பார்த்த மாணவருக்கு அது மறக்காது. ஆனால் உங்கள் தொகையில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். அடுத்த நிதியில் வாங்குங்கள்; அப்போது வைர ஏ.டி.ஆர். இணைப்போடு (மாதிரியை நேராக வைரத்தின் மேல் வைத்து அளக்கும் துணைக்கருவி) கேளுங்கள். மாதிரியைக் கே.பி.ஆர். (பொட்டாசியம் புரோமைடு) உப்போடு கலந்து வில்லை அழுத்திக்கொண்டிருந்தால் வகுப்பு முழுவதும் அதிலேயே போய்விடும். ஏ.டி.ஆரில் துடைத்து, வைத்து, எடுக்க ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான்.

ஈரப்பதம்தான் அந்தக் கருவிக்கு எமன். முன்பு நான் வேலை பார்த்த கடலோரக் கல்லூரியில், தீபாவளி விடுமுறைக்கு யாரோ மெயினை அணைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றியும் பல மாதம் ஆகியிருந்தது. அடைமழை. திரும்பி வந்தபோது, ஒளியைப் பிரிக்கும் கே.பி.ஆர். பீம் ஸ்பிளிட்டர் மங்கிப் போயிருந்தது. புதிதாகப் போடப் பணம் கிடைக்கும்வரை அந்த அறை பூட்டியே கிடந்தது. ஒரு பேட்ச் அதைத் தொடாமலே படிப்பை முடித்துப் போனது. இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

மேசை என்.எம்.ஆரில் இருப்பது நிரந்தரக் காந்தம். குளிர்விக்கத் திரவ ஹீலியம், திரவ நைட்ரஜன் தேவையில்லை. நல்ல கருவிதான், ஆனால் 12 லட்சத்துக்கு எட்டாது. புராஜெக்டுக்கு வேண்டிய சில மாதிரிகளைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் (நவீன பகுப்பாய்வுக் கருவி வசதி) மையத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாம். ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடினால் மற்ற நிறுவனங்களின் கருவிகளும் கிடைக்கும். அச்சிட்ட படத்தோடு திருப்தி அடையாமல் மூலத் தரவையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தரவை அதிர்வெண் படமாக்கும் ஃபூரியே மாற்றம் முதல் உச்சி குறிப்பதுவரை மாணவர்களே கணினியில் செய்யட்டும்.

கொட்டேஷன் கேட்கும்போதே வாரண்டிக்குப் பிந்தைய ஐந்தாண்டு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து வருவார், மென்பொருளை எத்தனை கணினியில் போடலாம், தரவை எக்செல்லில் திறக்க முடியுமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். யு.பி.எஸ்., புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு உபரியாக ஒன்று, குவார்ட்ஸ் க்யூவெட் (கரைசல் ஊற்றி அளக்கும் சிறு குப்பி) சில ஜோடி ஆகியவற்றையும் அதே ஆர்டரில் சேருங்கள். சாதாரணக் கண்ணாடி க்யூவெட் புற ஊதாப் பகுதியில் ஒளியை விடாது. பாரசிட்டமாலை 243 நானோமீட்டரில் அளக்க அது உதவாது. டியூட்டீரியம் விளக்கின் ஆயுள் பொதுவாக ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் மணி நேரம். 570-இல் வேலை செய்யும் நாளில் அதை அணைத்து வையுங்கள்.

கருவி காட்டும் அலைநீளம் சரியா என்று சோதிக்க ஹோல்மியம் ஆக்சைடு கண்ணாடி வடிகட்டி ஒன்றும் கேளுங்கள். கருவி வந்து இறங்கிய அன்றே, இன்ஜினியர் கிளம்புவதற்கு முன், அதை வைத்து ஓட்டி 361, 460, 536 நானோமீட்டர் அருகே உச்சிகள் சரியாக விழுகின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பதிவை லாக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்களையே திரும்ப எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.