மிதிவண்டிக்குக் கோடு போட்டால் போதுமா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் சிங்காநல்லூரிலிருந்து பீளமேட்டுப் பள்ளிக்கு மிதிவண்டியில் போக ஆசைப்படுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. “இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?” என்கிறார் என் கணவர். சாலை ஓரத்தில் கோடு போட்டுத் தனிப்பாதை ஒதுக்கினால் சரியாகிவிடாதா?
– வாசகி, சிங்காநல்லூர், கோவை

பதில்: ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையைப் பார்த்தால் உங்கள் கணவருக்கு விடை கிடைத்துவிடும். ஹேண்டில்பாரில் தூக்குப்போசியை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகிறவர்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலாளிகளும் இன்றும் மிதிவண்டியை நம்பித்தான் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. வண்டியைக் கொடுத்துவிட்டு அதை ஓட்ட இடம் தராமல் இருப்பது நியாயமல்ல.

வெறும் கோடு போதாது. அதன்மேல் கார்களை நிறுத்திவிடுவார்கள். கோடு சந்திப்பை நெருங்கும்போது மறைந்தும்விடும். ஆபத்து மிகுந்த இடமோ சந்திப்புதான். கோவையில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டேர்ன் அமைத்த இடங்களைக் கவனியுங்கள். காருக்கு அங்கே காத்திருக்கும் நேரம் மிச்சம். மிதிவண்டிக்காரரோ வலப்புறம் போக வேண்டுமானால், விரைந்து வரும் வாகனங்களுக்குக் குறுக்கே வலது ஓரம் சேர்ந்து, திரும்பி, மறுபடியும் அதேபோல் இடது ஓரத்துக்கு வந்தாக வேண்டும். வயதானவர்கள் பலர் இதற்கு அஞ்சி, இறங்கி, நடுத்தடுப்பின் இடைவெளியில் வண்டியைத் தூக்கிக் கடத்துகிறார்கள்.

அடுத்தது வேகம். முப்பது கிலோமீட்டர் வேகம் அறுபதானால் மோதலின் ஆற்றல் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. ஆகவே பள்ளித் தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பும், பெருஞ்சாலைகளில் தடுப்புக்கல் வைத்துப் பிரித்த பாதையும் வேண்டும். உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளும் அவிநாசி சாலை மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்டிருக்கிறது. நெடுந்தூர வாகனங்கள் மேலே ஏறிய பின் கீழ்ச்சாலையின் அகலத்தில் ஒரு பங்கை மிதிவண்டிக்குக் கேட்பது பேராசை ஆகாது. வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது.

மகனைத் தடுக்க வேண்டாம். ஒரு ஞாயிறு காலை அப்பாவும் உடன் ஓட்டிச் சென்று, காமராஜர் சாலையைக் கூடியவரை தவிர்க்கும் உள்தெரு வழியைக் கண்டுபிடிக்கட்டும். பின்விளக்கு பொருத்துங்கள். நிறுத்தத்துக்கு ஒதுங்கும் பேருந்தின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.