‘எனக்குக் கணக்கு வராது’ என்கிறான் மகன்

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தவன் என் மகன். இப்போது படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதலாம் ஆண்டு) கணிதச் சோதனையில் 28 மதிப்பெண். “எனக்குக் கணக்கு வராதும்மா” என்று புத்தகத்தை மூடிவிட்டான். ஏறக்குறைய அதே மதிப்பெண் வாங்கிய சீன நண்பன் மறுநாளே பயிற்சிக்கு உட்கார்ந்துவிட்டானாம். எங்கள் வளர்ப்பில் குறையா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு, மலேசியா

பதில்: வளர்ப்பைவிட, வீட்டில் புழங்கும் பேச்சைத்தான் பார்ப்பேன், அம்மா. ‘கணக்கு வராது’ என்கிறோம். ஏதோ வர மறுத்த விருந்தாளி போல. பள்ளிச் சுவரில் ‘முயற்சி திருவினை ஆக்கும்’ என்று எழுதியிருக்கும். மதிப்பெண் வந்த அன்று மட்டும் நம் வாயில் ‘தலையெழுத்து’ வந்துவிடும்.

ஸ்டீவன் ஹைன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சோதனையில் தோற்ற வட அமெரிக்க மாணவர்கள், அதே மாதிரியான அடுத்த சோதனையைச் சீக்கிரம் கைவிட்டார்கள், வென்றவர்கள்தான் நீடித்தார்கள். ஜப்பானியரிடம் நேர்மாறு: தோற்றவர்களே அதிக நேரம் முயன்றார்கள். இந்த வேறுபாட்டில் ஒரு பங்காவது, முயற்சி எவ்வளவு பலன் தரும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது என்றும் அவர்கள் காட்டினார்கள். நம்பிக்கை பழக்கத்தால் வருவது. ஆகவே ‘சீனப் பிள்ளைகள் அப்படித்தான்’ என்று இனத்தின்மேல் போட வேண்டாம். பினாங்கில் அந்தப் பேச்சு மிக மலிவு.

அதற்காக ‘இன்னும் முயற்சி செய்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உண்மையில் உழைத்துத் தோற்ற பிள்ளைக்கு அது ‘நீ சோம்பேறி’ என்றே கேட்கும்.

விடைத்தாளை எடுத்து அவனோடு உட்காருங்கள். −3 − 5 என்பதற்கு 2 என்று எழுதியிருந்தால், கழித்தல் குறியில் தடுமாறுகிறான். பத்துக் கணக்கில் சரியாகும். வாக்கியக் கணக்குகளை மட்டும் விட்டிருந்தால், அந்தக் கேள்விகளை மலாயில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்; இப்போது அவனுக்குக் கணக்கு மலாயில் அல்லவா வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் ‘கூட்டுத்தொகை’, ‘பெருக்குத்தொகை’ என்று படித்தவனுக்கு, அவற்றின் மலாய்ச் சொற்களான ‘ஹாசில் தம்பா’, ‘ஹாசில் டாராப்’ குழம்புவது இயல்பு. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருப்பான். அதற்கு டியூஷன்கூட வேண்டாம். இருபது சொற்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டினால் போதும்.

தவறிய கணக்குகளில் மூன்றை மட்டும் இந்த வாரம் திரும்பப் போடட்டும். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோய், எந்தப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று கேளுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதிலை அவன் காதால் கேட்கட்டும்.