நாற்றங்காலில் சில நாற்று மட்டும் ஓங்கி வளர்கிறதே!

கேள்வி: சம்பாவுக்குச் சொந்த விதையில் நாற்று விட்டு 20 நாள் ஆகிறது. அங்கங்கே சில நாற்று மட்டும் மற்றதைவிட ஒரு சாண் உயரமாக, வெளிறி, மெலிந்து நிற்கிறது. வீரிய நாற்று என்கிறார் பக்கத்து வயல்காரர். அதைத் தனியாக நட்டு விதைக்கு வைக்கலாமா? ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் மற்ற நாற்றும் இப்படி எழும்புமா?

பதில்: விதைக்கு வேண்டவே வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளம் பக்கானே என்ற பூஞ்சண நோயுடையது. ஜப்பானிய மொழியில் 'முட்டாள் நாற்று' என்று பொருள். முந்திக்கொண்டு எழும்பும், பல நாற்று காய்ந்துவிடும். பிழைத்ததும் பெரும்பாலும் பதர்தான் தரும். நட்ட பிறகு கீழ்க்கணுவில் வேர் விட்டு, தூரில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூஞ்சணம் படிந்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இந்த நோயிலேயே இருக்கிறது. 1926-இல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானியர், இந்தப் பூஞ்சணம் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சணமே இல்லாமல் நாற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் நாற்று நெடுநெடுவென வளர்ந்தது. திரவத்தில் இருந்த அந்தப் பொருள்தான் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன். கடையில் விற்கும் ஜிப்ரலிக் அமிலமும் அந்த வகைதான்.

நெற்பயிரும் இதைத் தானே அளவாகச் செய்துகொள்கிறது. அதன் செல்லுக்குள் டெல்லா என்றொரு புரதம், மடைவாயை அடைத்த மண்போல வளர்ச்சியைத் தடுத்து நிற்கும். ஜிப்ரலின் வந்து, அதை ஏற்கும் ஏற்பிப் புரதத்தில் ஒட்டியதும், அந்த ஏற்பி டெல்லாவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டெல்லாவின்மேல் 'யூபிக்விட்டின்' என்ற சின்னப் புரதம் அடையாளமாக ஒட்டப்படும். அடையாளம் விழுந்த புரதத்தைச் செல்லின் அரவை இயந்திரம் துண்டுதுண்டாக்கிவிடும். மடை திறந்தது, தண்டு நீளும். செல் டெல்லாவைப் புதிதாகச் செய்துகொண்டே இருப்பதால், ஜிப்ரலின் குறைந்ததும் மடை மறுபடி அடைபடும். மண்ணில் உப்பு மிஞ்சினால் பயிர் குட்டையாக நிற்பதிலும் இந்த மடை அடைப்புக்குப் பங்குண்டு. கஷ்ட காலத்தில் செலவைக் குறைக்கிற சம்சாரி புத்தி!

பூஞ்சணம் அந்த மடையை அடைக்கவே விடுவதில்லை. தெளிப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். ஹார்மோன் சோறு போடாது, நீளச் சொல்லும், அவ்வளவே. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 நெல் ரகம் சாயாமல் உரம் தாங்கி நின்றதே, ஜிப்ரலின் குறைவாகச் சுரந்து குட்டையானதால்தான். அப்படியிருக்க, காசு கொடுத்து நாற்றை நெட்டையாக்குவானேன்? கலப்பின நெல் விதை உற்பத்தியில் கண்ணாடி இலை எனும் கடைசி இலையின் உறைக்குள் சிக்கிய கதிரை வெளியே கொண்டுவரத் தெளிப்பார்கள். அது வேறு கணக்கு.

சரி, இப்போது செய்ய வேண்டியது: நெட்டை நாற்றைத் தூரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள். மற்றதை நடலாம், நட்ட வயலிலும் ஒரு மாதம் வரை கண் வையுங்கள். இந்த நோய் முக்கியமாக விதையோடு வருவது. அதனால் அந்த வயலில் விதைக்கு எடுக்காதீர்கள். அடுத்த முறை முட்டை மிதக்கும் உப்புக் கரைசலில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அப்புறம் கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து 10 மணி நேரம் ஊறட்டும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா போடுவதானால் கிலோவுக்கு 10 கிராம். ஆனால் கார்பென்டாசிமோடு சேர்க்க வேண்டாம்.