போகாத ஊருக்கு மேளம்

கேள்வி: முஸ்லிம்கோஸ் என்ற பெயரில் இசை வெளியிட்ட பிறின் ஜோன்ஸ் ஒரு மன்செஸ்டர்காரர். முஸ்லிமும் அல்ல, பலஸ்தீனத்தில் கால் வைத்ததும் இல்லை. ஆனாலும் சாகும்வரை பலஸ்தீனம், பலஸ்தீனம் என்றே அல்பம் போட்டுத் தள்ளினார். இது ஏமாற்று இல்லையா? நானும் போனையும் ஒரு பழைய கசெற் றெக்கோடரையும் வைத்து வீட்டில் இப்படி ஏதோ செய்கிறேன். அவரைப்போல இதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, ஏமாற்று என்பது பெரிய சொல். போகாத ஊரைப் பாடியது குற்றம் என்றால் முதல் வழக்கைத் திருஞானசம்பந்தர் மேல் அல்லவா போடவேண்டும்? ஏழாம் நூற்றாண்டில் அவர் நம் கோணமாமலைக்கு, அதாவது திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு, பதிகம் பாடியது இராமேசுவரத்தில் நின்றுகொண்டு. பெரியபுராணமே அப்படித்தான் சொல்கிறது. சம்பந்தர் கடல் தாண்டவில்லை. ஆனாலும் 'குரைகடல்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறார் பாருங்கள். மார்கழியில், வாடைக்காற்று ஏறி நிற்கும் ஒரு பின்னேரம், கோட்டை வாசலில் மான்களைத் தாண்டி மேலே ஏறி, இராவணன் வெட்டுப் பக்கம் போய் நின்று காதைக் கொடுங்கள். பாறை இடுக்குக்குள் அலை புகுந்து, ஒரு கணம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு அடித்தொண்டையால் ஒன்று வரும். குரைப்புத்தான். வந்து பார்க்காத ஆள் பாடியது என்று அந்தப் பதிகத்தை இங்கே யாரும் தள்ளிவைக்கவில்லை.

(நீங்கள் அனுப்பிய கடிதத்தில் 'அண்டர்கிரவுண்ட் கலைஞர்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். கைலாய மலைக்குக் கீழே நசுங்கிக் கிடந்து, தன் தலையையும் நரம்பையும் வைத்தே வீணை செய்து வாசித்த ஒருவரின் சிலை நம் கோயில் வாசலிலேயே நிற்கிறது. அந்தப் பட்டம் அவருக்குத்தான் முதலில் போகவேண்டும்.)

சரி, ஜோன்ஸுக்கு வருவோம். 1961இல் பிறந்தவர். மன்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்வின்டனில், தாய் தகப்பனோடு ஒரே வீட்டில் கடைசிவரை இருந்தவர். கல்யாணம் இல்லை. 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் படை அனுப்பியதுதான் அவரைப் பலஸ்தீனத்தின் பக்கம் திருப்பிவிட்டது. அடுத்த வருடமே முஸ்லிம்கோஸ் என்ற பெயர் வந்துவிட்டது. மஸ்லின் கோஸ் என்ற துணியின் பெயரில் ஓர் எழுத்தைத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். காயத்துக்குக் கட்டும் துணியும் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரும் ஒரே சொல்லுக்குள் அகப்பட்டுவிட்டன. அந்தச் சமர்த்தை நான் மெச்சுகிறேன்.

அந்த மனுசன் செய்த வேலையைக் கணக்குப் பாருங்கள். 1983 தொடக்கம் 1999 வரை, உயிரோடு இருந்த காலத்திலேயே தொண்ணூறுக்கு மேற்பட்ட அல்பங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி இல்லாமல், மேளங்களைத் தானே அடித்து, நாடாவில் சுற்றவிட்டு, கரகரப்பை ஏற்றிப் பதிவுசெய்வார். டிஜிட்டல் நாடாவைத் தபாலில் போடுவார், ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஸ்டால்பிளாட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு. அவர்கள் முதல் நாடாவைக் கேட்டு முடிக்குமுன் அடுத்தது வந்து நிற்கும். ஒரு நிறுவனத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போக, இன்னொன்று, இன்னொன்று என்று முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள். பல அல்பங்கள் சில நூறு பிரதிகளோடு சரி. அவர் இறந்த பிறகும் பெட்டியில் கிடந்த நாடாக்கள் வருடக்கணக்காக வெளிவந்துகொண்டே இருந்தன. சோம்பேறி ஏமாற்றுக்காரன் இப்படி உழைக்கமாட்டான்.

ஏன் போகவில்லை என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்துக்குப் போகக்கூடாது, அது கொள்கை என்பதுதான் அவருடைய பதில். எனக்கு அது பாதிதான் ஒட்டுகிறது. ஆனால் நான் அவரைப் பிடிப்பது அந்த இடத்தில் அல்ல.

அவருடைய இசையில் பாட்டு இல்லை. மேளம், இரைச்சல், றேடியோ அலைவரிசை மாறும்போது வருகிற மாதிரி இடைக்கிடை ஒரு குரல், திடீரென்று கத்தியால் வெட்டியதுபோல் மௌனம். அப்படியானால் பலஸ்தீனம் எங்கே இருக்கிறது? அட்டையில், தலைப்பில். 1993இல் வந்த ஒரு அல்பத்தின் தலைப்பு, ஹிஸ்புல்லாவுக்கு வாக்களியுங்கள். மேளத்தைக் கேட்டால் ஒரு மனிதன் இரவிரவாகத் தூங்காமல் இருப்பது தெரிகிறது. தலைப்பைப் படித்தால் சுவரொட்டி. சம்பந்தர் தூரத்தில் நின்று ஓர் இடத்தைப் பாடினார். ஜோன்ஸ் தூரத்தில் நின்று ஒரு பக்கம் எடுத்தார். இரண்டும் ஒன்றல்ல. பக்கம் எடுத்தால் அதற்கு விலை உண்டு. ஸ்வின்டனில் அதை யாரும் வந்து அறவிடப் போவதில்லை.

இது நமக்குப் புதிதா? போர்க்காலத்தில் பங்கருக்குள் குந்தியிருந்தவர்கள் கோஷம் போட்டு நான் கண்டதில்லை. கோஷம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வந்தது, தூரம் கூடக்கூடச் சத்தமும் கூடிக்கொண்டு. அதனால்தான் அவருடைய அல்பங்களை நான் தலைப்பைப் பார்க்காமல் கேட்கிறேன். நீங்களும் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பாருங்கள். நல்ல இசை என்பது என் அபிப்பிராயம். அரைவாசி ஒரே மாதிரி இருக்கும் என்பதும் என் அபிப்பிராயம். தொண்ணூறு அல்பம் போட்டால் அப்படித்தான்.

அப்புறம், உங்கள் வாழ்க்கை. ஜோன்ஸை உதாரணம் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவருக்கு உண்மையான புரவலர் ஸ்டால்பிளாட் அல்ல, கேள்வி கேட்காமல் வீட்டில் வைத்திருந்த தாய் தகப்பன். 1998 டிசம்பர் முடிவில், இரத்தத்தில் அரிதான ஒரு பூஞ்சைத் தொற்று என்று வைத்தியசாலையில் சேர்த்தார்கள். 1999 ஜனவரி 14இல் போய்விட்டார். வயது 37. ஆகவே வாழலாமா என்ற கேள்வியை என்னிடம் அல்ல, உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். சோறு போடுகிறவர் அவர்.

என்னிடம் கேட்கவேண்டியது வேறு. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டு பதிவுகளையும் கேட்டேன். இரண்டிலும் அரபு மேளம், அதுவும் இணையத்தில் இருந்து இறக்கியது. ஏன் தம்பி? கிண்ணியாவுக்குப் பாலத்தால் போனால் பக்கீர் பாவாக்களின் றபான் என்ற கைமேளம் இருக்கிறது. தோல் இளகிப்போனால் நெருப்பில் காட்டிச் சூடேற்றிவிட்டு அடிப்பார்கள், அந்தச் சூட்டுக்கு முன்னும் பின்னும் நாதம் மாறும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறது. பல மீன்வாடிகளில் இப்போது வலையை இயந்திரம் இழுக்கிறது, அம்பா தெரிந்த கிழவர்கள் ஓரமாக இருந்து பீடி குடிக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் முனகலையும் கிழவரின் குரலையும் ஒரே கசெற்றில் பிடித்திருந்தால் நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். ஜோன்ஸுக்குப் பலஸ்தீனம் தூரம். உங்களுக்கு எது தூரம்? உப்புவெளியில் இருந்து சைக்கிளில் போகிற இடங்கள்தானே எல்லாம்.

இரண்டாவது பதிவின் கடைசியில், நிறுத்த மறந்துபோய், உங்கள் வீட்டுக் கிணற்றுக் கப்பி கிரீச்சிடுவது பதினொரு விநாடி பதிவாகியிருக்கிறது. அதை மூன்று முறை கேட்டேன். மிச்சத்தை ஒரு முறை.