முன்கைப் பச்சையைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் ஆந்திராவில் நகரியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். என் அம்மாவுக்கு வயது 53. திருத்தணியில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக விற்பனையாளராக வேலை பார்த்தார். அவருடைய வலது முன்கையில் தேளும் புள்ளிக் கோலமும், இடது முன்கையில் பாட்டியின் பெயரும் சிறு வயதில் குத்திய பச்சையாக உள்ளன. கடையைப் புதுப்பித்த சின்ன முதலாளி, சேலை விரிக்கும்போது அந்தக் கை தெரிவது ஷோரூமுக்கு அழகில்லை என்று முழுக்கை ரவிக்கை அணியச் சொன்னார், அம்மா அணிந்தார். பிறகு கிடங்குக்கு மாற்றினார்கள். "குறத்தி கை மாதிரி இருந்தால் கஸ்டமர் நிற்பார்களா?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நாங்கள் அந்தச் சமூகத்தினர் அல்லர். கடந்த வாரம், "லேசரில் அழித்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம்" என்று வாய்மொழியாக நிறுத்திவிட்டார்கள். அந்த சூப்பர்வைசரின் கழுத்திலேயே டாட்டூ இருக்கிறது. சட்டத்தில் வழி உண்டா? மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் சேர முயலும் என் தம்பி, வலது முன்கையின் வெளிப்புறத்தில் அம்மாவின் பெயரை டாட்டூ குத்தியிருக்கிறான். அது தடையாகுமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் தாயார் லேசர் சிகிச்சைக்குப் போக வேண்டாம். பல மாதங்களும் பல அமர்வுகளும் பிடிக்கும் அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் வேலை தருவோம் என்று அவர்கள் எழுதித் தரவில்லை. "பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அரசியலமைப்பின் 14, 16 ஆகிய பிரிவுகளை வைத்து உயர் நீதிமன்றம் போகலாமா என்று பலர் கேட்பதுண்டு. அந்தச் சமத்துவ உரிமைகள் அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும் கட்டுப்படுத்துபவை; தனியார் ஜவுளிக்கடைக்கு எதிராக அவற்றைக் கொண்டு ரிட் மனு போடுவதில் பயனில்லை. ஒருவரை அற்பமாகப் பார்க்கக் கூடாது என்று முதலாளிக்கு உத்தரவிடும் சட்டமும் கிடையாது. ஆனால் அந்தப் பார்வையை மட்டுமே காரணமாக வைத்து ஏழு ஆண்டு வேலையைப் பறிக்கலாமா என்று கேட்கும் சட்டம் இருக்கிறது.

அது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நீங்கள் வசிப்பது நகரியாக இருந்தாலும், கடை இருக்கும் இடத்தின் சட்டமே பொருந்தும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்து நகரி ஆந்திராவிலேயே நின்றதால், வீடு ஒரு மாநிலத்திலும் வேலை இன்னொரு மாநிலத்திலுமாக வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். ஆதார் அட்டையில் ஆந்திர முகவரி இருப்பதைச் சொல்லி யாரும் தங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

அச்சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நிறுத்தக் கூடாது. ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் அதை விசாரணை நடத்திப் பதிவு செய்த சாட்சியத்தால் நிரூபித்திருக்க வேண்டும். தங்கள் தாயார் விஷயத்தில் நோட்டீசும் இல்லை, விசாரணையும் இல்லை. எனவே வழக்கு முழுவதும் அந்த 'நியாயமான காரணம்' என்பதைச் சுற்றியே நடக்கும். ஊழியரின் உடை, தோற்றம் பற்றி விதி வகுக்கக் கடைக்கு ஓரளவு உரிமை உண்டு என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தை நான் அலட்சியமாக எண்ணவில்லை. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அந்தப் பச்சை கையில் இருந்தது. அதே கைதான் ஏழு ஆண்டுகளாகப் பட்டுச் சேலைகளை விரித்துக் காட்டி விற்றது. மறைக்கச் சொன்னபோது மறைத்தார். சூப்பர்வைசரின் கழுத்து மறைக்கப்படவில்லை. இந்த நான்கையும் வரிசையாகச் சொன்னால், கடைக்கு உறுத்தியது தோலில் ஏறிய மை அன்று, அந்த மை யாருடைய கையை நினைவூட்டுகிறது என்பதுதான் என்பது மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு விளங்கும்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்திலும் சந்தைகளிலும் விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்கள். குத்திக்கொண்டவர்கள் உழவு வேலைக்கும் நெசவுக்கும் போன குடும்பத்துப் பெண்கள். 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தில் குறவர்களில் பல பிரிவினரைப் பட்டியலிட்டுக் காவல் நிலையத்தில் கைரேகை வைக்கச் செய்தார்கள். நாடு முழுவதும் அச்சட்டம் ஒழிந்தது 1952இல்தான். குத்தியவர் மீது விழுந்த அந்த இழிவு, குத்திக்கொண்டவரின் கையிலும் ஒட்டிக்கொண்டது. குளிரூட்டிய அறையில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் குத்திக்கொள்ளும் டாட்டூவுக்கு அந்தச் சுமை இல்லை.

சூப்பர்வைசர் சொன்ன சொல் என்னை மிகவும் வருத்துகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால்தான் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். தங்கள் குடும்பம் அவற்றில் வராது என்ற அடிப்படையில் சொல்கிறேன், அந்தச் சட்டத்தில் புகார் தர இயலாது. ஆனாலும் அந்த வாக்கியத்தைச் சொன்ன தேதி, நேரம், உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களோடு எழுதி வையுங்கள். பணிநீக்கத்தின் உண்மைக் காரணத்துக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

41(2)ஆவது பிரிவின்கீழ் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும். கடை எழுத்தில் எதுவும் தராததால், தாயாரின் பெயரில் இந்த வாரமே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள்: இன்ன தேதியில் பச்சையைக் காரணம் காட்டி வாய்மொழியாக நிறுத்தினீர்கள், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதில் வராவிட்டாலும் கெடுவைத் தவற விடாதீர்கள். இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் கணக்கு விவரம், சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், கடை அடையாள அட்டை ஆகியவற்றில் எது இருந்தாலும் ஏழு ஆண்டுப் பணியை நிறுவ உதவும். கணக்கு முடிக்கிறோம் என்று அழைத்து, 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்ற தாளில் கையெழுத்து கேட்பது கடைகளில் வழக்கம். அதில் கையெழுத்திட்டால் வழக்கின் பாதி போய்விடும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதற்குத் தனி: கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், ஐந்தாண்டு நிறைந்த அவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது சேர வேண்டும்.

தம்பியின் நிலை வேறு. மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் அடங்கிய மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ வழிகாட்டுதலின்படி மதச் சின்னமோ பெயரோ டாட்டூவாக இருக்கலாம். ஆனால் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோதான் இருக்கலாம், அந்த உறுப்பின் கால் பங்குக்கும் குறைவான அளவில் இருக்க வேண்டும். தம்பி குத்தியிருப்பது வலது முன்கையின் வெளிப்புறத்தில் என்பதால் மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கவே வாய்ப்பு அதிகம். அகற்றிக்கொள்ள முன்வந்தவர்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் மறுபரிசோதனை வாய்ப்பு அளித்த வழக்குகள் உண்டு என்றாலும், அதை நம்பிக் காத்திருக்காமல் இப்போதே தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தாயாருக்கு வேண்டாம் என்று சொன்னதைத் தம்பிக்குச் சொல்வது முரண்பாடு அன்று: இது முன்கூட்டியே அறிவித்து, வருகிற எல்லோருக்கும் ஒரே அளவில் வைத்த விதி.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகினால், மேல்முறையீட்டு மனுவைத் தயாரிக்க வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தருவார்கள்.