காது ஜவ்வில் ஓட்டை: ஒட்டுப் போடும் முன்னும் பின்னும்

கேள்வி: வயது 34. காசிமேட்டில் விசைப்படகு வேலை. சின்ன வயசிலிருந்தே வலது காதில் சீழ் வரும், நிற்கும். ஜவ்வில் ஓட்டை இருக்கிறது, தைத்து மூட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வார்கள்? மறுபடி எப்போது கடலுக்குப் போகலாம்?
(வாசகர், காசிமேடு)

பதில்: ஜவ்வைத் தைப்பதில்லை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், ஊசி தாங்காது. ஒட்டுத்தான் போடுவார்கள். டிம்பனோபிளாஸ்டி என்று உங்கள் சீட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

நாள் குறிக்கும் முன் காது காய வேண்டும். சீழ் நின்று ஒன்றரை மாதமாவது ஆகட்டும் என்று பல சர்ஜன்கள் காத்திருப்பார்கள். அதுவரை குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளுங்கள். கடலில் முங்கவே கூடாது. மூக்கடைப்பு, சைனஸ் இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள். நடுக்காதுக்குக் காற்று மூக்கின் பின்பக்கக் குழாய் வழியாகத்தான் போகிறது. அது அடைபட்டிருந்தால் புது ஜவ்வும் உள்ளே இழுத்துக்கொண்டு கிழியும்.

காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வரையும் ஆடியோகிராமில் காற்று வழி, எலும்பு வழி என்று இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் ஆபரேஷன் குறைக்கும். எலும்பு வழிக் கோடே இறங்கியிருந்தால் உள்காது நரம்பு அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். டீசல் எஞ்சின் இரைச்சலில் வருஷக்கணக்காக நிற்பவர்களுக்கு இப்படி ஆவதுண்டு; அதை எந்த ஒட்டும் சரிசெய்யாது. இந்த விஷயத்தை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் காதுக்குப் பின்னால் கீறுவார்கள். காதுக்கு மேலே, மெல்லும்போது அசையும் தசையின் மீது ஒரு வெள்ளை உறை இருக்கிறது. அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எடுத்து, தசை ஒட்டாமல் சுரண்டி, தட்டில் விரித்துக் காயவைப்பார்கள். காய்ந்ததும் வெங்காயச் சருகு மாதிரி விறைத்து, வெட்டவும் வைக்கவும் வாகாகிவிடும். அதற்குள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஓட்டையின் விளிம்பை வட்டமாக உரிப்பார்கள். இதுதான் முக்கியமான வேலை. பல வருஷ ஓட்டையின் விளிம்பில் தோல் மூடி ஆறிப்போயிருக்கும். அதைப் புண்ணாக்கினால்தான் புதுத் தோல் ஒட்டின் மீது படர்ந்து வளரும். பிறகு ஜவ்வைத் தூக்கி, உள்ளே இருக்கும் மூன்று குட்டி எலும்புகளும் அசைகின்றனவா என்று தொட்டுப் பார்த்து, ஜவ்வுக்கு அடிப்பக்கமாக ஒட்டைச் செருகி, கரையும் பஞ்சால் முட்டுக் கொடுத்து மூடிவிடுவார்கள்.

தையல் பிரிக்க ஒரு வாரம் ஆகும். முதல் சில வாரம் காது முன்னைவிட மந்தமாகக் கேட்கும்; உள்ளே பஞ்சு இருப்பதால் அப்படி, பயப்படாதீர்கள். நாக்கின் ஒரு ஓரத்தில் ருசி மாறலாம். ருசி நரம்பு ஜவ்வுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். அடக்கினால் காற்று மேலேறி ஒட்டைத் தள்ளிவிடும். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள், ஒட்டுப் பிடிப்பதை அது கெடுக்கும்.

வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது எல்லாம் ஒன்றரை மாதம் வேண்டாம். அதன் பிறகு டாக்டர் காதைப் பார்த்துச் சரி என்றால் படகு ஏறலாம். படகின் அடியில் சுழலும் காற்றாடியில் (புரொப்பல்லர்) சிக்கிய வலையை எடுக்க முங்குவது வேறு விஷயம். தண்ணீரின் அழுத்தம் நேராக ஜவ்வின் மீது விழும். மூன்று மாதம் கழித்து ஆடியோகிராம் எடுத்து, அனுமதி வாங்காமல் முங்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. சளி பிடித்தால் காதில் சீழ். பாட்டி எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார். இப்போதே ஆபரேஷன் செய்யலாமா?
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: எண்ணெயை இன்றே நிறுத்துங்கள், ஓட்டை வழியாக நேரே நடுக்காதுக்குள் போகும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். ஜென்டாமைசின் கலந்தது ஓட்டைக் காதில் உள்காதைக் கெடுக்கலாம். டாக்டர் எழுதித்தரும் சொட்டை, படுக்கவைத்து ஊற்றி, காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பை நாலைந்து முறை அழுத்திவிடுங்கள், மருந்து உள்ளே இறங்கும்.

இந்த வயதில் முதலில் மூக்கின் பின்பக்கம் இருக்கும் அடினாய்டு சதையைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா? அடுத்த காது நன்றாக இருக்கிறதா? இதையெல்லாம் பார்த்துத்தான் இப்போதா, ஓரிரு வருஷம் கழித்தா என்று முடிவெடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சீழ் கொஞ்சமாக, ஆனால் அழுகின நாற்றத்தோடு விடாமல் வந்தால் அது சாதாரண ஓட்டை இல்லாமல் எலும்பை அரிக்கும் கொலஸ்டியாட்டோமாவாக இருக்கலாம். தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணல், காய்ச்சலோடு தலைவலி என்றால் அன்றைக்கே போங்கள். உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பழைய சீட்டு, ஆடியோகிராம், காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஒட்டுப் போட்டு ஒரு வருஷம். முன்பக்கம் மறுபடி சின்ன ஓட்டை என்கிறார்கள். அவ்வளவுதானா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: இல்லை. முன் ஓரத்தில் ரத்த ஓட்டம் குறைவு, ஒட்டுக்கு முட்டும் சரியாகக் கிடைக்காது. அதனால் அங்கேதான் அதிகம் விட்டுப்போகும். இரண்டாவது முறை பல சர்ஜன்கள் காதின் குருத்தெலும்பையே மெல்லிசாகச் சீவி வைப்பார்கள். அது விறைப்பானது, சுலபத்தில் சுருங்காது. ஆனால் முதல் ஒட்டு ஏன் விட்டது, மூக்கா, கிருமியா என்று கண்டுபிடித்த பிறகு தேதி வாங்குங்கள்.